வைத்திய ஆராய்ச்சியும் அரசாங்கப் பொருளும்

நோயாளிக்கு மருந்து கொடுப்பது அறம் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆனால் அம்மருந்து யாது, அஃது எவ்வாறு, எவ்வளவு காலம் கொடுக்கத்தக்கது என்று ஆராய்ந்து காண்பதற்குப் பொருள் செலவிடுவதும் அதே அறத்தின்பாற்பட்டது என்று கூறினால், நம்மவரில் பலர் தயங்குகின்றனர். வைத்தியசாலைக் கட்டடம் கண்ணுக்குத் தெரியும். ஆராய்ச்சியோ பல்லாண்டு கழிந்தே பயன் தரும். இத்தயக்கம் பொதுமக்களிடத்து மாத்திரமன்று, அரசாங்கத்தாரிடத்தும் உண்டு என்பதற்குக் கணக்கே சான்று. 2025-26ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மத்திய சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 99,859 கோடி ரூபாய். அதனுள் சுகாதார ஆராய்ச்சித் துறைக்குரிய பங்கு ஏறத்தாழ 3,901 கோடி ரூபாய். நூறு ரூபாயில் நான்கு ரூபாய்கூட நிறைவாக ஆராய்ச்சிக்கு எட்டவில்லை.

"படுக்கைக்கு இடமின்றி நோயாளிகள் தாழ்வாரத்திற் கிடக்கும்போது ஆராய்ச்சிக்குப் பணம் எதற்கு?" என்று வினவுவோர் உளர். இவ்வினா இரக்கத்திலிருந்து பிறப்பதாதலின் இகழத்தக்கதன்று. ஆயினும் இதற்குரிய விடை நமது தலைநகராகிய சென்னையிலேயே கிடைத்திருக்கின்றது. 1950ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், காசநோயாளர் சானடோரியத்தில் மாதக்கணக்காகத் தங்கி ஓய்வும் நல்லுணவும் பெறுதல் வேண்டும் என்பதே மேனாட்டு வைத்தியர் பலரும் கொண்டிருந்த கொள்கை. நம் நாட்டிலோ நோயாளரின் பெருந்தொகைக்கு முன் படுக்கைகளின் தொகை யானைப் பசிக்குச் சோளப்பொரியாக இருந்தது. 1956ஆம் ஆண்டு இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில், அன்றைய சென்னை மாநில அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் ஒன்றுகூடிச் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்றை நிறுவின. நகரத்து ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, இருநூற்றுக்குச் சற்றுக் குறைந்த நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூறினரைச் சானடோரியத்திலும், மற்றொரு கூறினரை நெருக்கடி மிகுந்த அவர்தம் வீடுகளிலும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தனர். 1959ஆம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. ஊட்டமான உணவும் ஓய்வும் குறைந்திருந்தும், வீட்டிலிருந்தோர் ஏறக்குறைய மற்றவரளவுக்கே குணமடைந்திருந்தனர். அவர்களோடு உடனுறைந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் மிகுந்து பரவவும் இல்லை. இம்முடிவுக்குப் பின்னர் உலக நாடுகள் பலவும் வீட்டுச் சிகிச்சையின்பால் திரும்பின. ஆராய்ச்சிக்குச் செலவிட்ட பணம் ஏழையின் படுக்கையைப் பறித்ததா? படுக்கையே வேண்டாதபடி அவனை வீட்டிலிருந்தே குணப்படுத்திற்றன்றோ!

இவ்வரலாற்றில் மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. அவ்வாராய்ச்சியில் அயலாரது பொருளும் அறிவும் பெரும்பங்கு கொண்டன. அதற்கு நாம் நன்றியுடையோம். ஆனால் அயலார் கொடை அயலார் மனத்தைப் பொறுத்தது. அரசாங்கப் பொருளால் உயிரியல் மருத்துவ ஆராய்ச்சி நடத்தும் நிறுவனங்களுள் உலகிலேயே பெரியது அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம். அதன் ஆண்டு நிதி ஏறத்தாழ 4,800 கோடி டாலர். 2025ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் அந்நிறுவனத்தின் மானியங்கள் பலவற்றை நடுவில் நிறுத்தியது. அடுத்த ஆண்டுக்குரிய நிதியில் நூற்றுக்கு நாற்பது பங்களவு குறைக்கவும் முன்மொழிந்தது. அமெரிக்க ஆய்வாளரோடு சேர்ந்து உழைக்கும் பிறநாட்டாருக்கு அவர் வழியாகப் பணம் பகிர்ந்தளிக்கும் முறையையும் அவ்வாண்டு மே மாதத்தில் அந்நிறுவனம் நிறுத்தி வைத்தது. அயல்நாடுகளுக்கு உதவி வழங்கி வந்த அமெரிக்க நிறுவனமும் அவ்வாண்டிலேயே கலைக்கப்பட்டது. அதனால் பல நாடுகளில் மருந்துப் பரிசோதனைகள் பாதியில் நின்றன. பாதிக் கிணறு தாண்டியவன் நிலை யாதாகும் என்பதை நாம் அறிவோம். பாதியில் நின்ற ஆராய்ச்சி பாதி அறிவைத் தருவதில்லை. பயின்ற ஊழியர் வேறு தொழில் நாடிப் போவர். நோயாளர் கண்காணிப்பினின்று விலகுவர். சேர்த்த கணக்குகள் முடிவுரைக்கப் போதாவாய்ப் பயனின்றிக் கிடக்கும்.

பிறநாட்டாரை மாத்திரம் குறைகூறிப் பயனில்லை. நம் மண்ணிலேயே இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. 1918ஆம் ஆண்டு குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்னும் வைத்தியர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1923ஆம் ஆண்டு, லார்டு இஞ்ச்கேப் தலைமையில் அமைந்த சிக்கனக் கமிட்டியின் யோசனைகளையொட்டி அவ்வாராய்ச்சி நிறுத்தப்பட்டது. இரண்டாண்டு கழிந்து அது மீண்டும் உயிர்பெற்றது. 1928ஆம் ஆண்டில் உணவு ஆராய்ச்சிச் சாலையாக வளர்ந்து, 1958ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக விளங்குவது அதுவே. சிக்கனத்தின் பெயரால் வீசிய கோடரி அன்று சற்று ஆழமாக இறங்கியிருப்பின், நாம் உண்ணும் தானியங்களின் சத்தைக் கணித்துரைக்கும் அந்நிறுவனம் நமக்கு வாய்த்திராது.

இனி நமது திண்டுக்கல் சீமையை நோக்குவோம். சிற்றூரில் ஆராய்ச்சி நடவாது என்பார்க்கு, சின்னாளப்பட்டியை அடுத்த காந்திகிராமமே மறுமொழி. வைத்தியராகிய சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் 1947ஆம் ஆண்டில் அதனை நிறுவினர். 1964ஆம் ஆண்டு அங்கே கிராம சுகாதாரத்திற்கும் குடும்பக் கட்டுப்பாட்டிற்கும் தனி நிலையம் ஒன்று எழுந்தது. ஆத்தூர் வட்டாரத்து மக்களிடையே அது நடத்திய சுகாதாரப் பணி நாடெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. மத்திய சுகாதார அமைச்சின் மானியத்தால் நாட்டில் நடைபெற்ற மக்கட்தொகை ஆராய்ச்சி மையங்களுள் ஒன்றும் அங்கே அமைந்தது. அயலார் உதவியோடு தொடங்கிய பணியையும் நம் அரசாங்கங்கள் ஏற்று நடத்தக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

2022ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் தமிழ்நாட்டில் ஒருங்கே திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திண்டுக்கல் கல்லூரியும் ஒன்று. அவற்றுக்கான செலவு ஏறத்தாழ 4,000 கோடி ரூபாய். அதில் 2,145 கோடி ரூபாய் மத்திய அரசாங்கம் அளித்தது, எஞ்சியதை மாநில அரசாங்கம் ஏற்றது. இக்கொடை பெரிது. ஆனால் கல்லூரி என்பது பாடம் சொல்லும் இடம் மாத்திரமாக நின்றுவிடலாகாது. இவ்வூர்த் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் கிணறுகளைக் கெடுத்த கதையைப் பெரியோர் அறிவர். தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகளைக் குறித்து 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் திண்டுக்கல் மாவட்டமும் இடம்பெற்றது. அந்நீரைப் பருகிய தலைமுறையின் உடல்நிலை யாது? வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் பஞ்சுத் தூசியினூடே நின்று வேலை செய்யும் பெண்களின் நுரையீரல் பத்தாண்டிற்குப் பின் எங்ஙனம் இருக்கும்? தோட்டங்களில் பூச்சிமருந்து தெளிப்போர்க்கு வரும் நோய்கள் எவை? இவ்வினாக்களை டெல்லியில் இருப்போர் நமக்காகக் கேட்கமாட்டார். இவ்வூர்க் காற்றைச் சுவாசிப்போரே கேட்டல் வேண்டும். அவர்க்குப் பல்லாண்டு தொடர்ந்து பொருளுதவி வருதலும் வேண்டும்.

பொதுச் சுகாதாரமும் வைத்தியசாலைகளும் அரசியலமைப்பின் 7ஆம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் உள்ளன. வைத்திய ஆராய்ச்சிக்குரிய பெரிய பண்டசாலையோ மத்திய அரசாங்கத்திடம் உள்ளது. நோயாளி ஓரிடத்தும் பணப்பெட்டி வேறோரிடத்தும் இருக்கையில், இரண்டையும் இணைப்பதே நல்லாட்சியின் கடமை. அவ்வாறு இணைந்தால் விளையும் நன்மைக்கும் சான்று உண்டு. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கம், சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தின் துணையோடு, காசநோய் இறப்பைக் குறைக்கும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. நோயாளியின் எடை, இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவு, துணையின்றி நிற்கும் வலிமை ஆகிய எளிய குறிகளைக் கொண்டே, உடனே வைத்தியசாலையிற் சேர்க்கவேண்டியவர் யாவர் என்று ஊழியர்கள் தெரிந்துகொள்ளும் முறை அது. நல்ல ஆராய்ச்சி எப்பொழுதும் விலையுயர்ந்த யந்திரங்களையே வேண்டுவதன்று.

ஆதலின் மூன்று செயல்கள் வேண்டப்படும். சுகாதார நிதியில் ஆராய்ச்சியின் பங்கு ஆண்டுதோறும் திட்டமாக உயர்தல் வேண்டும். ஒப்புக்கொண்ட ஆராய்ச்சி முடியும்வரை அதன் மானியம் ஆட்சி மாற்றத்தாலோ சிக்கனத்தாலோ நிறுத்தப்படாது என்னும் உறுதி வேண்டும். மாவட்ட மருத்துவக் கல்லூரிகளுக்கென ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கி, மத்திய மாநில அரசாங்கங்கள் இரண்டும் சேர்ந்து அதனை மேற்பார்த்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே, இவை அமைச்சர்கள் செய்யவேண்டியவை என்று நாம் வாளா இருத்தல் தகாது. பொதுமக்கள் கேளாததை அரசாங்கம் கொடாது. வாக்குக் கேட்டு வருவோரிடம் சாலையும் குடிநீரும் கேட்கும் நாம், "எங்கள் ஊர் நோய்களை ஆராய்வதற்கு யாது செய்தீர்?" என்றும் கேட்போமாக. கணிதமும் விஞ்ஞானமும் பயில்வோர் தம் படிப்பை இவ்வூர் மக்களின் பிறப்பு, இறப்பு, நோய் ஆகியவற்றின் கணக்கிலும் செலுத்துவார்களாக. சென்னையில் இருநூறு ஏழைகளிடம் கேட்டறிந்த விடை உலகிற்குப் பயன்பட்டது. திண்டுக்கல்லின் வினாக்களுக்கு விடை காண்பதும் இயலாத காரியமன்று. தொடங்கிய பணி முடியுமளவும் பொருளுதவி நில்லாதிருத்தலே வேண்டுவது.