தறிக்கென்று கட்டிய வீடுகள்

காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் அதன் கோபுரங்களை வர்ணித்த கையோடு பட்டுச் சேலையை வர்ணிக்கத் தொடங்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தக் கோபுரத்துக்கும் இந்தச் சேலைக்கும் நடுவே, சேலை பிறக்கும் இடமாகவும் அதை நெய்பவர் குடும்பத்தோடு வாழும் இடமாகவும் ஒருங்கே விளங்கிவரும் நெசவாளியின் கிருஹத்தைப் பற்றி நின்று பேசியவர்கள் மிகச் சிலரே. அந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்தும் இடிக்கப்பட்டும் மறைந்துவரும் இந்தக் காலத்தில், அவற்றுக்காகப் பகிரங்கமாக வாதாடுவது அவசியமென்று கருதுகிறேன்.

பிள்ளையார்பாளையத்துப் பழைய தெருக்களில் இன்னும் எஞ்சியிருக்கும் ஒரு வீட்டினுள் நுழைந்து பார்ப்போர்க்கு, அதைக் கட்டிய கொத்தனாருக்குத் தறியின் தேவைகள் அனைத்தும் மனப்பாடமாக இருந்திருக்க வேண்டும் என்பது பிரத்தியட்சமாகத் தெரியும். முகப்பு குறுகலாகவும் உட்புறம் நீளமாகவும் மனை அமைந்திருக்கிறது; திண்ணையைக் கடந்து நடை வழியே சென்றால், சமையலறைக்கும் பூஜை மாடத்துக்கும் கிடைக்காத விசாலம் முழுவதையும் தறி நிற்கும் கூடம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதிகளை மாறிமாறி அழுத்தியபடி நெசவாளி அமர்கிறார். உடலும் கரையும் வெவ்வேறு வர்ணத்தில் பின்னிப் பிணையும் கோர்வைச் சேலையாயின், மூன்று நாடாக்கள் ஓடவேண்டும்; ஒருவர் கை போதாது; பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரையின் நாடாவைத் தள்ள வேண்டும். ஆகவே அந்தக் கூடத்தின் அகலம் ஒருவருக்கென்று அமைந்ததன்று. தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி ஏறி நிற்பதற்குக் கூரை உயரமாக இருந்தாக வேண்டும். மெல்லிய பட்டிழையைக் கண் பிரித்தறிவதற்கு முற்றத்து வெளிச்சமும், ஓடுகளுக்கிடையே பதித்த கண்ணாடி ஓட்டின் வெளிச்சமும் வேண்டும். வறண்ட காற்றில் பட்டிழை அறுந்துபோகும்; மண்ணோடு ஒட்டிய குழியும் சுண்ணாம்புச் சுவரும் நாட்டு ஓடும் உள்ளே வேண்டிய ஈரத்தையும் குளிர்ச்சியையும் காத்துக் கொடுக்கின்றன என்பது நெசவாளிகளின் அனுபவம். முற்றத்தின் ஓரத்துத் தாழ்வாரத்தில் பெண்கள் ராட்டையில் தார் சுற்றுகிறார்கள். அவர்களுடைய உழைப்புக்கும் அந்த வீட்டின் அமைப்பில் நிரந்தரமான ஓர் இடம் உண்டு.

வீடு வாசலோடு முடிந்துவிடுவதுமில்லை. பொழுது விடியும் வேளையில், வெயில் ஏறுவதற்கு முன்பாக, தெருவின் நீளத்துக்கு நெடுக்கு இழைகளாகிய பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளைச் சேர்த்து முறுக்கும் வேலைக்கு அக்கம்பக்கத்து வீட்டாரும் கைகொடுக்க வருவார்கள். அந்த வேலைக்கு நேரான தெருவும், வண்டி நுழையாத காலைப் பொழுதும், சாமான் வைக்கத் திண்ணையும் இன்றியமையாதவை. தெருவும் திண்ணையும் தறிக்கூடமும் சேர்ந்து ஒரே தொழிற்சாலையாக இயங்கிய இந்த ஏற்பாட்டைச் சிற்ப சாஸ்திரத்தின் மகத்தான சிருஷ்டிகளுக்கு அடுத்தபடியாக இந்த ஊரின் பெருமையாக மதிக்க நான் சிறிதும் தயங்கமாட்டேன்.

இப்பொழுது நிகழ்வது யாவரும் அறிந்ததே. பாகப்பிரிவினையில் மனை துண்டாகிறது, கூரை ஒழுகுகிறது, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை, மகனோ தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்விடுகிறான். பழைய வீட்டை இடித்துக் கான்கிரீட் மாடி எழுப்புகிறவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. மழை நாளில் பட்டுப் பாவின்மேல் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எவருக்குமே சகிக்கக்கூடிய காரியமன்று. ஆயினும் மாடியில் குழி தோண்ட முடியாது. தரைக்கு மேலேயே நிறுத்தும் தறிகள் உண்டென்றாலும், தாழ்ந்த தளத்தின் உஷ்ணத்தில், நாற்சுவருக்குள் அவற்றை வைத்து நெய்வதற்கு யாருக்கும் உற்சாகம் பிறப்பதில்லை. வீடு மாறிய சில வருஷங்களில் தறியும் விற்பனைக்குப் போய்விடுகிறது.

இங்கிலாந்தின் கிராம வீடுகள் காப்பாற்றப்பட்ட வரலாறு இவ்விஷயத்தில் நமக்குப் பிரயோஜனமானது. ஸஸெக்ஸ் பகுதியில் ஆல்ஃபிரிஸ்டன் என்ற கிராமத்தில், மரச்சட்டமும் வைக்கோல் கூரையுமாக 14-ஆம் நூற்றாண்டில் எழுந்த பாதிரியார் வீடொன்று இடிந்துவிழும் நிலையில் இருந்தபோது, 1895-இல் தோன்றிய நேஷனல் டிரஸ்ட் ஸ்தாபனம் அதை 1896-இல் பத்துப் பவுனுக்கு வாங்கிற்று. அந்த ஸ்தாபனம் வாங்கிய முதல் கட்டடம் அரண்மனையுமல்ல, தேவாலயமுமல்ல, அந்த வீடுதான். யார்க்‌ஷயரில் ஹடர்ஸ்ஃபீல்டைச் சுற்றிய மலைச்சரிவுகளிலோ, கம்பளி நெய்தவர்களின் கல்வீடுகள் மேல்மாடியில் வரிசையாக நெருங்கிய ஜன்னல்களோடு இன்னும் நிற்கின்றன. தறிக்கு வெளிச்சம் தேடி வைத்த ஜன்னல்கள் அவை. ஆனால் அந்த வீடுகளில் கைத்தறியின் ஓசை என்றோ அடங்கிவிட்டது. காஞ்சியிலோ தறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்குக் கிட்டாத இந்தப் பாக்கியத்தை நாம் அலட்சியமாகக் கைவிடலாகாது.

முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் காஞ்சி நெசவாளர் வீடும் இடம்பெற்றிருப்பது போற்றத்தக்கது. நெசவாளர் குலத்தில் 1909-இல் பிறந்த அண்ணாதுரையின் வீடு இதே ஊரில் நினைவில்லமாகப் பேணப்படுகிறது. எனினும் ஒன்று காட்சிக்கு. மற்றொன்று ஒரு மாமனிதரின் ஞாபகத்துக்கு. குடியிருந்து நெய்பவர்களின் வீட்டுக்கு யார் துணை? மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாதென்று விதித்துள்ள சட்டம் கைலாசநாதர் கோயிலுக்கு அரணாகிறது. அந்தச் சட்டத்தின் கவலை கோயிலைப் பற்றியது, பக்கத்து வீட்டின் கூரையைப் பற்றியதன்று. பாரம்பரிய நகரங்களுக்கென 2015-இல் தொடங்கிய ஹிருதய் திட்டத்தின் 12 ஊர்களுள் காஞ்சியும் ஒன்றாயிருந்தது. அத்தகைய திட்டம் இனியொரு முறை வருமானால், அதன் பணத்தில் ஒரு பங்கு தறி ஓடும் வீடுகளுக்குச் சேர வேண்டும்.

தறிக்கும் தறிக்கூடத்துக்கும் சர்க்கார் உதவி தருவது போலவே, பழைய தறி வீட்டின் ஓடு மாற்றவும் உத்தரம் மாற்றவும் சுவர் பூசவும் மானியம் தரலாம். சொத்துவரியில் சலுகை காட்டலாம். கட்டியே தீரவேண்டியவர்களுக்கு, கீழ்த்தளத்தில் குழியும் உயரமான கூடமும் கொண்ட வரைபடங்களை மாநகராட்சியே தயாரித்து இலவசமாக வழங்கலாம். இதற்கெல்லாம் முதற்படியாக, பிள்ளையார்பாளையத்தில் எந்தெந்த வீட்டில் இன்னும் குழித்தறி ஓடுகிறது, எந்தக் கூரை எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்று தெருவாரியாக ஒரு ஜாபிதா எடுக்க வேண்டும்; அடுத்த ஐப்பசி மழைக்கு முன்பாகவே அதை எடுத்து முடித்துவிட வேண்டும்.