முதிய நாய்க்கு மூலிகை: யாருக்கான ஆறுதல்?

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் சாலையில் உள்ள புதுச்சத்திரத்தில் என் உறவினர் ஒருவருக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக அதைக் காவல் காத்த நாய், முட்டை லாரி வந்தால் எழுந்து குரைப்பதை நிறுத்திக்கொண்டது. பின்னங்கால்களை ஊன்றி எழவே திணறியது, இளைத்தது, தொட்டித் தண்ணீரை ஓயாமல் குடித்தது. "வயசாயிருச்சுங்க, வேறென்ன" என்றார்கள் வீட்டார். நாமகிரிப்பேட்டை மஞ்சளைச் சோற்றில் பிசைந்து வைத்தார்கள். கொல்லிமலையிலிருந்து முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கிவந்து சூப்பு வைத்துக் கொடுத்தார்கள். பிறகு 'மூட்டு நலனுக்கு' என்று அச்சிட்ட மூலிகை மாத்திரை டப்பா ஒன்றும் வந்தது. நான்கு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை செய்தபோது சிறுநீரகங்கள் பெரிதும் பழுதாகியிருந்தன. மூட்டு வலியும் உண்மைதான். ஆனால் சிறுநீரகம் அந்நிலைக்குப் போனபின் வலிக்கான வழக்கமான மாத்திரைகளைத் துணிந்து கொடுக்க முடியாது என்றார் மருத்துவர்.

அந்த வீட்டாரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் அந்த நாயின்மேல் வைத்திருந்த அன்பில் எனக்கு ஐயமில்லை. என் வழக்கு ஒரு நம்பிக்கையோடு. மூலிகையால் கெடுதல் வராது, பலித்தால் நல்லது, பலிக்காவிட்டாலும் நட்டமில்லை என்பது அந்த நம்பிக்கை. நட்டம் உண்டு. அந்த நான்கு மாதங்கள்தாம் நட்டம்.

எழத் திணறுவது மூட்டழற்சியாக இருக்கலாம். ஓயாமல் தண்ணீர் குடிப்பது சிறுநீரகக் கோளாறாகவோ நீரிழிவாகவோ இருக்கலாம். சோற்றை முகர்ந்துவிட்டு விலகுவது பல்வலியாக இருக்கலாம். இரவில் காரணமின்றிக் குரைத்துத் திரிவது மூளைத் தளர்ச்சியாக இருக்கலாம். இவை அத்தனையையும் 'வயசு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, அந்தச் சொல்லுக்கு ஒரு கிழங்கை மருந்தாக்குகிறோம். நோய் எதுவென்று கேளாமலே கொடுக்கப்படும் எதையும் மருத்துவம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

"கொடுத்த பிறகு நன்றாக நடக்கிறதே" என்பார்கள். 2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. மூட்டு நோயால் நொண்டிய 58 நாய்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்து, கால் ஊன்றும் விசையைக் கருவியால் அளந்தார்கள். கருவி முன்னேற்றம் காட்டாதபோதும் வளர்ப்போர் முன்னேற்றம் கண்டது ஏறக்குறைய 40 விழுக்காடு. கால்நடை மருத்துவர்களின் கண்ணும் இதற்கு விலக்கல்ல. மனிதனுக்குக் கொடுத்த வெற்று மாத்திரை மனிதனின் வலியையாவது சற்றுக் குறைக்கக்கூடும். இங்கே மாத்திரையை விழுங்குவது நாய், ஆறுதல் அடைவது நாம்.

மூலிகைகள் சோதிக்கப்படாமல் இல்லை. மஞ்சள் சாற்றை 2003இல் பிரிட்டனில் முறையாகச் சோதித்தபோது, பார்த்தவர்களின் மதிப்பீடு ஓரளவு சாதகமாக இருந்தது. கருவியின் அளவீடு தெளிவான வேறுபாட்டைக் காட்டவில்லை. குங்கிலிய வகைப் பிசின் ஒன்றை 2004இல் சுவிட்சர்லாந்தில் 29 நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலருக்கும் நிறைவளித்த முடிவு. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரைக் குழு இல்லை. இந்த அளவுக்குத்தான் நம் அறிவு. சோற்றில் பிசையும் மஞ்சளில் குர்குமின் சில விழுக்காடுதான்; அதிலும் பெரும்பகுதி உடலில் சேராமலே கழிந்துவிடுகிறது.

கெடுதல் வராது என்பதும் பொய். முடவாட்டுக்கால் சூப்பு எப்படி வைக்கிறோம்? சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. தினம் சிறிது சிறிதாகக் கொடுத்தாலும் சேர்ந்து கெடுப்பவை. திராட்சை நாயின் சிறுநீரகத்தை அழிக்கும். அதற்கு டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021இல் ஆய்வாளர்கள் சுட்டினார்கள். நம் புளியில் நிறைந்திருப்பதும் அந்த அமிலமே. நமக்கு உணவாவது நாய்க்கும் மருந்தாகும் என்ற கணக்குத் தவறு. மனிதருக்கான டைக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன் மாத்திரைகளை நாய்க்குப் போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

உடனே மரபைப் பழிக்கிறேன் என்று சிலர் கொதிப்பார்கள். மரபு என்ன செய்தது என்று பார்ப்போம். மாட்டு வாகடமும் குதிரை வாகடமும் எழுதிய மரபு, நோயைப் பெயர் சொல்லிப் பிரித்தது, குறி சொன்னது, பிறகே மருந்து சொன்னது. தஞ்சாவூரில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மடிநோய் மருந்தைப் பாருங்கள்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். இன்ன நோய், இன்ன அளவு, இன்ன இடத்தில் பூசு என்ற தெளிவு அதில் இருக்கிறது. பலித்ததா இல்லையா என்று மறுநாள் பாலைக் கறந்து பார்க்கலாம். 'மூட்டு நலனுக்குத் துணை', 'முதுமையில் துடிப்பு' என்று அச்சிட்ட டப்பாவில் எந்த நோயின் பெயரும் இல்லை. நோயைச் சொன்னால் நிரூபிக்க வேண்டியிருக்கும். எதையும் உறுதி கூறாமல் எல்லாவற்றையும் உணர்த்தும் அந்தச் சொற்கட்டை, மொழியில் அக்கறையுள்ள நாமாவது அடையாளம் காண வேண்டாமா?

நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. கிராமத்து மருந்தகங்கள் மாட்டையும் ஆட்டையும் மையமாகக் கொண்டவை. தனியார் சிகிச்சைக்குச் செலவாகும். ஏற்கிறேன். ஆனால் புதுச்சத்திரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்விடலாம். 1985 முதல் அது அங்கே இருக்கிறது. மூலிகை டப்பாவுக்கு மாதந்தோறும் கொடுக்கும் பணத்தை ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கலாம். காசே இல்லாவிட்டாலும் செய்யக்கூடியவை உண்டு: நாய் பருத்திருந்தால் எடையைக் குறைப்பது, வழுக்கும் தரையில் சாக்கு விரிப்பது, மெதுவாக நடத்திச் செல்வது. நோய் தெரிந்த பிறகு, மருத்துவர் அறிய ஒரு மூலிகையும் கொடுங்கள், எனக்கு மறுப்பில்லை.

திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. கள்வரோடு போராடிய வீரனோடு, அவனுக்குத் துணைநின்ற கோவிவன் என்ற நாயையும் பெயர் சொல்லிக் கல்லில் பொறித்தார்கள். நாயின் உழைப்பை மதிக்கத் தெரிந்த சமூகம்தான் இது. பன்னிரண்டு ஆண்டு காவல் காத்த நாய்க்கு நாம் கல் நட வேண்டியதில்லை. அது எழத் திணறும் முதல் நாளிலேயே, என்ன வலி என்று கேட்டால் போதும்.