காற்புள்ளிப் பிழைக்குத் தமிழா பொறுப்பு?

ஆங்கிலக் கட்டுரையில் பிள்ளை காற்புள்ளியைத் தவறாக இட்டால், வீட்டில் தமிழ் பேசுவதே காரணம் என்று பெற்றோர் சிலர் முடிவுகட்டிவிடுகின்றனர். துணைப்பாட ஆசிரியர் சிலரும் அதற்குத் தலையாட்டுகின்றனர். பிறகென்ன, வீட்டிலும் ஆங்கிலமே!

'ஐ வென்ட் டு தேக்கா, ஐ பாட் ஃபிஷ்' என்று எழுதுகிறான் ஒரு மாணவன். முழு வாக்கியங்கள் இரண்டைக் காற்புள்ளி ஒன்றினால் மட்டும் இணைப்பதை ஆங்கில இலக்கணம் பிழையென்கிறது. முற்றுப்புள்ளியோ, அரைப்புள்ளியோ, 'அண்ட்' போன்ற இணைப்புச் சொல்லோ வேண்டும். இப்பிழை தமிழிலிருந்தா வந்தது? தமிழறிந்த பிள்ளை, 'தேக்காவுக்குச் சென்று மீன் வாங்கினேன்' என்றன்றோ எழுதும்! 'சென்று' என்னும் வினையெச்சமே இரு செயல்களையும் பிணைத்துவிடுகிறது; அங்கே காற்புள்ளிக்கு வேலையே இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் இதே பிழையைச் செய்கின்றனர். அவர்களைக் கெடுத்தது எந்தத் தமிழ்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இன்று நாம் இடும் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் ஓலைச்சுவடிகளில் இல்லை. மேலைநாட்டு அச்சுமுறை வழியே வந்தவை. அவற்றைத் தமிழ் உரைநடையில் ஒழுங்குற ஆண்டு காட்டியவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879). பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணியில் துணைநின்ற அவர், இருமொழியும் கற்றவர். ஒரு மொழி மற்றொன்றைக் கெடுக்கவில்லை, வளப்படுத்தியது.

ஆசிரியர்களே, எச்சம் எது, முற்று எது என்று தமிழ் வகுப்பில் அழுத்தமாகக் கற்பியுங்கள். பெற்றோர்களே, ஆங்கில வாக்கியத்திலும் வினைமுற்றுகளை எண்ணச் சொல்லுங்கள். இரண்டிருந்து, இணைப்புச் சொல் இல்லையேல், நடுவிலுள்ள காற்புள்ளியைப் பிள்ளை ஐயுறட்டும்.