பூங்கா இடத்தை விட்டுவிடாதீர்கள்!



நம் நகரின் கடைசித் தெருவில் முள்ளும் கட்டடக் கழிவுமாகக் கிடக்கிறதே, அது யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு அல்ல. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்காவுக்கென்று விட்ட இடம் அது. ஓரத்தில் கார் ஷெட் முளைத்தபோது சும்மா இருந்தோம். இப்போது கல்கால் நட்டுக் கம்பி இழுக்கிறார்கள். அடுத்தது அஸ்திவாரம்தான்.

தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனையாகப் பிரிப்பவர், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பது இதுதான். பத்திரம் பதிவானதோடு வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்துவிடுவதில்தான் கோளாறு. பட்டா உள்ளாட்சியின் பெயருக்கு மாறவில்லை என்றால், பழைய உரிமையாளரின் பெயரைக் காட்டியே இன்னொருவருக்கு விற்றுவிட முடியும். ஆகவே முதலில் பட்டாவைப் பாருங்கள்.

வழக்குக்குப் போனால் நம் பேச்சு எடுபடுமா என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். அப்பகுதி மக்களே வழக்குத் தொடுத்தார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. வழக்குத் தொடுக்க அந்த மக்களுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது. நம்மிடமும் 1959ஆம் ஆண்டின் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

இடத்தை மீட்டால் மட்டும் போதாது. அதில் என்ன வரவேண்டும் என்பதையும் நாமே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டைல்ஸ் பதித்த நடைபாதை, மிதிக்கக் கூடாத புல்தரை, ஒரு செயற்கை நீரூற்று, மட்டையோடு வரும் பையன்களை விரட்ட ஒரு காவலாளி என்றுதான் முடியும். நமக்கு வேண்டியது மண்தரை. பிள்ளைகள் விழுந்து எழ வேண்டும், பெய்யும் மழையும் உள்ளே இறங்க வேண்டும். புங்கன், பூவரசு, வேம்பு நடுவோம். இரவு வேலை முடிந்து வரும் பெண்கள் அச்சமின்றி உட்கார விளக்கும், தண்ணீர் வரும் கழிப்பறையும் வேண்டும். நண்பகலில் பூட்டு போடக் கூடாது. கட்டட வேலைக்கு வந்தவர்கள் நிழலில் சற்றுக் கண்ணயர அதைவிட்டால் வேறு எங்கே போவார்கள்?

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு அந்த இடத்தில் கூடுவோம். மனை வாங்கியபோது கொடுத்த வரைபட நகலை ஒவ்வொருவரும் எடுத்து வாருங்கள். சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, தானப்பத்திர நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் அன்றே மனு எழுதுவோம். நில அளவையர் வந்து கல் நட வேண்டும் என்ற கோரிக்கையை அடுத்த பகுதி சபையில் வைத்து, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றாமல் எழுந்திருக்க மாட்டோம். வாடகைக்கு இருப்பவர்களும் வாருங்கள்; இந்த இடத்தில் உங்கள் பிள்ளைகளுக்கும் அதே பங்கு உண்டு.