பெட்டியில்லாக் கணனி

கணனி என்றதும் நம்மிற் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவது ஒரு பெட்டி. அதனுள்ளே யாது இருக்கின்றது என்று நாம் கேட்பதில்லை. கேட்கத் துணிந்த பிள்ளையையும், "தொடாதே, பழுதாகிவிடும்" என்று தடுத்துவிடுகின்றோம். அரும்பாடுபட்டு வாங்கிய பொருளைப் பேணுதல் பெற்றோர் கடமையே, அதிற் குறைகாண்பதற்கில்லை. ஆயினும், தொடாமலே கைவந்த தொழில் உலகில் எதுவுமில்லை. தையற் பொறியைக் கழற்றிப் பூட்டியவனே அதனைத் திருத்தக் கற்கின்றான். வள்ளத்து எந்திரத்தைப் பிரித்துப் பார்த்தவனே நடுக்கடலில் அது நின்றுவிடும்போது கலங்காதிருக்கின்றான். கணனிக்கு மட்டும் வேறு நியதி உண்டோ?

பிள்ளைகள் அச்சமின்றித் தொட்டுப் பழக வேண்டும் என்னும் நோக்குடனேயே ஆக்கப்பட்ட கணனி ஒன்று உண்டு. 'ராஸ்பெரி பை' என்பது அதன் பெயர். பெட்டியும் இல்லை, திரையும் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பச்சைப் பலகை மட்டுமே. அதனை முதன்முறை இயக்குவது எங்ஙனம் என்பதை இக்கிழமை காண்போம்.

அது பிறந்த கதை

1981ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 'பி.பி.சி. மைக்ரோ' என்னும் கணனி வெளிவந்தது. அதனை இயக்கியதும் படமோ விளையாட்டோ தோன்றுவதில்லை. எழுதுவோரின் கட்டளைக்காகக் காத்திருக்கும் ஒரு குறி மட்டுமே திரையில் மின்னும். எதையேனும் எழுதினாலன்றி எதுவும் நடவாது. ஆதலால் ஒரு தலைமுறைச் சிறுவர்கள் தாமாகவே செய்நிரல் எழுதக் கற்றுக்கொண்டனர். பின்னர் வந்த கணனிகளோ எல்லாவற்றையும் ஆயத்தமாகத் தந்தன. எழுதும் தேவை ஒழிந்தது. 2006ஆம் ஆண்டளவில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த எபன் அப்டன் என்பார், கணனி விஞ்ஞானம் பயில விண்ணப்பிப்போர் தொகை குறைவதையும், வருவோரும் முன்னையோரைப்போல் செய்நிரல் எழுதிப் பழகியவர்களாக இல்லாமையையும் கண்டு கவலையுற்றார்.

கவலைப்பட்டு வாளாவிருந்தாரில்லை. நண்பர் சிலருடன் சேர்ந்து ஓர் அறக்கட்டளை அமைத்தார். 2012 பெப்ரவரி 29ஆம் நாள் அவர்களுடைய முதற் பலகை 35 டொலர் விலையில் விற்பனைக்கு வந்தது. முதற்கட்டமாக ஆயத்தமாயிருந்தவை பதினாயிரம் மட்டுமே. வாங்க முண்டியடித்தவர்களின் தொகையைத் தாங்கமாட்டாமல் விற்பனையாளரின் இணையத்தளங்கள் அன்றே செயலிழந்தன. இன்றுவரை ஆறு கோடிக்கு மேற்பட்ட பலகைகள் விற்பனையாகியுள்ளன.

முதலில் அட்டை

பலகையுடன் நாம் தேடிக்கொள்ள வேண்டியவை ஐந்து: மின் வழங்கி, மெமரி காட் எனப்படும் சிறு நினைவக அட்டை, விசைப்பலகை, சுட்டி, திரை. எச்.டி.எம்.ஐ. துவாரமுள்ள வீட்டுத் தொலைக்காட்சியே திரையாக உதவும்.

இவற்றுள் உயிர்நாடி அந்த அட்டையே. மருதமுனைக் கைத்தறியைக் கண்டவர்க்கு இதனை விளக்குதல் எளிது. தறி எத்துணைச் சிறந்ததாயினும் பாவு ஏற்றாதவரையில் ஒரு முழத் துணியும் அதில் விளையாது. அவ்வாறே, பணிசெயல் முறைமை எழுதப்படாத அட்டையுடன் இப்பலகை வெறும் தகடே. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'ராஸ்பெரி பை இமேஜர்' என்னும் மென்பொருளை வேறொரு கணனியில் நிறுவி, 32 ஜிகாபைட் அளவுள்ள அட்டை ஒன்றில் முறைமையை எழுதிக்கொள்ளல் வேண்டும். அட்டையில் முன்பிருந்த படங்களும் பாடல்களும் இதனால் முற்றாக அழிந்துபோம் என்பதை மறவற்க.

மின்சாரம்

புதியவர்கள் பெரிதும் இடர்ப்படுவது இவ்விடத்திலேதான். கைத்தொலைபேசியின் மின்னேற்றியே போதுமென்று கருதுவர். 2019இல் வெளிவந்த நான்காம் வகைப் பலகைக்கு 5 வோல்ற்றில் 3 அம்பியர் தரும் வழங்கி வேண்டும்; 2023இல் வந்த ஐந்தாம் வகைக்கு 5 அம்பியர் தருவது உகந்தது. மெல்லிய கம்பியுள்ள மலிவான வழங்கியைப் பூட்டினால் மின்னழுத்தம் தாழும்; அப்போது திரையின் மூலையில் மின்னல் வடிவக் குறியொன்று தோன்றி எச்சரிக்கும். அதனைக் கண்டால் பலகையைக் குறைகூறாது வழங்கியை மாற்றுக.

எல்லாவற்றையும் பூட்டிய பின்னரே மின்னிணைப்பைக் கொடுத்தல் வேண்டும். நான்காம் வகையில், சிவப்பு விளக்கு எரிந்தால் மின்சாரம் வருகின்றது என்பது பொருள். பச்சை விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அட்டை வாசிக்கப்படுகின்றது என்பது பொருள். சிவப்பு எரிந்தும் பச்சை மின்னாதாயின் அட்டையைக் கழற்றிப் பார்க்க. பெரும்பாலும் அது சரியாகச் செருகப்படாமலோ எழுதப்படாமலோ இருக்கும். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல, இவ்விரு விளக்குகளையும் பார்க்கக் கற்ற பிள்ளை பாதி வேலையைக் கற்றவனாவான்.

கணனி கேட்கும் வினாக்கள்

முதன்முறை எழுந்ததும் கணனி சில வினாக்களை வினவும். எந்த நாடு என்பது முதலாவது. இது வெறும் உபசார வினாவன்று. கம்பியில்லா இணைப்புக்குரிய அலைவரிசைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், நாட்டைக் குறிப்பிடாதவரை அவ்விணைப்பு இயங்காது. இலங்கை என்பதைத் தெரிவு செய்க.

அடுத்தது விசைப்பலகை. பிரித்தானிய அமைப்புக்கும் அமெரிக்க அமைப்புக்கும் சில குறிகள் இடம்மாறியிருக்கும். அமைப்பைப் பிழையாகத் தெரிவு செய்தால், கடவுச்சொல்லில் நாம் ஒரு குறியை அழுத்த மற்றொன்று பதிவாகும். பின்னர் நம் வீட்டுக்குள் நாமே நுழைய முடியாத நிலை ஏற்படும்.

மூன்றாவது, பயனர் பெயரும் கடவுச்சொல்லும். முன்னாளில் எல்லாப் பலகைகளுக்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் இருந்தன. ஊரிலுள்ள வீடுகள் அனைத்துக்கும் ஒரே திறப்பு இருந்தாற் போல. 2022 ஏப்ரலில் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. இன்று ஒவ்வொருவரும் தத்தமக்கெனத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும்.

பலகையின் கடிகாரம் தவறான நேரம் காட்டினால் வியப்படைய வேண்டாம். நான்காம் வகை வரையிலான பலகைகளில் மின்சாரம் நின்றபின்னும் நேரத்தைக் காக்கும் கடிகாரம் இல்லை. இணையத்தோடு சேர்ந்ததும் நேரம் தானே திருந்திவிடும்.

மின்சாரம் பற்றி நமது நாட்டுக்கே உரிய எச்சரிக்கை ஒன்று. 2022 மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை இருளில் இருந்தவர்கள் நாம். கணனி அட்டையில் எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் அறுந்தால் அட்டையிலுள்ளவை சிதைந்துபோகக் கூடும். ஆகவே வேலை முடிந்ததும் முறைப்படி அணைத்த பின்னரே இணைப்பைக் கழற்றுக. முக்கியமானவற்றுக்கு வேறோர் அட்டையில் பிரதி வைத்துக்கொள்க. கடற்கரை ஊர்களின் உவர்க்காற்று உலோகத்தை அரிக்குமாதலால், பலகைக்கு ஓர் உறையும் நன்று.

முதல் விளக்கு

இனி இன்பமான பகுதி. பலகையின் ஓரத்தில் 40 ஊசிகள் இரு வரிசையாக நிற்கும். அவற்றுள் உரிய ஒன்றிலிருந்து 330 ஓம் தடையி ஒன்றின் வழியாகச் சிறிய எல்.ஈ.டி. விளக்கை இணைத்து, பைதன் மொழியில் நாலைந்து வரி எழுதினால், நாம் சொன்னபடி அது எரிந்து எரிந்து அணையும். கட்டளை ஊசிகள் 3.3 வோல்ற்றுக்கே உரியவை. 5 வோல்ற்றை அவற்றிற் கொடுத்தால் பலகை கெட்டுவிடும் என்பதை மட்டும் மாணவர் நினைவிற் கொள்க. பைதனின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாயினும், நாம் இடும் பெயர்கள் தமிழெழுத்தில் இருக்கலாம். 'விளக்கு' என்று தமிழிலேயே பெயரிட்டு அதனை எரியச் செய்யலாம்.

ஒரு சிறு விளக்கு எரிவதில் என்ன பெருமை என்று கேட்கலாம். தொலைபேசியில் நாள் முழுதும் படம் பார்க்கும் பிள்ளை, பிறர் எழுதிய கட்டளைக்குள் இருக்கின்றான். விளக்கை எரித்த பிள்ளையோ தானே கட்டளை எழுதிவிட்டான். இன்று விளக்கு, நாளை வயலின் ஈரத்தை அளக்கும் கருவி, மறுநாள் மழையின் அளவைக் குறிக்கும் கருவி.

கேம்பிரிட்ஜில் அப்டன் கண்ட குறை நமக்கும் அயலன்று. ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் நம் பிள்ளைகள் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாகப் படித்துப் பரீட்சையிற் சித்தியும் எய்துகின்றனர். ஆனால் பாடநூலைத் திறந்த அளவுக்கு அவர்கள் ஒரு கணனியைத் திறந்ததுண்டா? ஆண் பிள்ளைக்கேனும் மிதிவண்டியைக் கழற்றிப் பார்க்கும் வாய்ப்புண்டு. பெண் பிள்ளைக்கு அதுவும் அரிது. மேசைமேல் வைத்து வேலை செய்யத்தக்க இப்பலகை அவளுக்கும் ஏற்றது.

தனித்தனியே வாங்க இயலாதாயின், ஐந்து மாணவர் சேர்ந்து ஒன்றை வாங்குக. ஒவ்வொருவரும் தமக்கென ஓர் அட்டை வைத்துக்கொண்டால், அட்டையை மாற்றியதும் கணனி அவரவருடையதாகிவிடும். பாடசாலை நூலகம் ஒன்றிரண்டு பலகைகளை வாங்கிப் புத்தகம்போல இரவல் கொடுக்கலாம்.

வாப்பாவாயினும் அப்பாவாயினும், பெற்றோரிடம் வேண்டிக்கொள்வது ஒன்றே. பிள்ளை எதையோ மாற்றிக் கணனி எழாமற் போனால் ஏசாதீர்கள். அட்டையை மறுபடியும் எழுதினால் அரை மணி நேரத்தில் அது புதிதாகிவிடும். அதனைப் பிள்ளையே தன் கையால் எழுதட்டும்.