எண்ணப்படாத ஐந்து பேர்

ஒரு வேலையைக் கற்றுக்கொடுக்கிறதை நிறுத்திப்போட்டு, பிறகு "இந்தக் காலத்துப் பெடியளுக்கு வேலை தெரியாது" எண்டு சலிச்சுக்கொள்ளுறது முதலாளிமாரின் பழைய பழக்கம். அமெரிக்கன் ஃபுட்போலின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். இப்ப அதைத்தான் செய்யுது. ஒஃபென்சிவ் லைனின் தரம் விழுந்துபோச்சு எண்டு வர்ணனையாளர்கள் சொல்லுகினம், பயிற்றுவிப்பாளர்கள் சொல்லுகினம், ரசிகர்களும் சொல்லுகினம். விழுந்தது உண்மை. விழுத்தினது ஆர் எண்ட கேள்விக்கு அவை சொல்லுற பதில்தான் பிழை.

விளையாட்டைப் பார்க்காத ஆக்களுக்குச் சுருக்கமா. எங்களில பலருக்கு இந்த இடம் அறிமுகமானது 2009 இல் வந்த 'த பிளைண்ட் சைட்' படத்தால. சான்ட்ரா புல்லக்குக்கு ஒஸ்கார் வாங்கிக் குடுத்த படம். பந்தை எறியிற குவாட்டர்பக்குக்கு முன்னால ஐந்து பேர் வரிசையா நிப்பினம். நடுவில சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்ட்டுகள், இரண்டு அந்தத்திலயும் டக்கிள்கள். எதிரணி ஓடிவந்து குவாட்டர்பக்கை விழுத்தாமல் இரண்டு மூன்று செக்கன் மறிச்சு வைக்கிறது ஒரு வேலை. பந்தோட ஓடுறவருக்கு வழி திறந்து விடுறது மற்ற வேலை. சென்டர் பந்தைப் பின்னால குடுத்து ஆட்டத்தைத் தொடக்கிறதை விட்டால், இவை பந்தைத் தொடுறதே அருமை.

"குண்டான ஆக்கள், தள்ளுற வேலை" எண்டு நினைக்க வேண்டாம். முந்நூறு இறாத்தல் உடம்பைப் பின்பக்கமா நகர்த்திக்கொண்டே, தன்னைவிட வேகமான ஒருத்தனை மறிக்கவேணும். எதிரணியில இரண்டு பேர் ஓடிவரேக்க குறுக்கால இடம் மாறுவினம். அந்தக் கணத்தில கார்ட்டும் டக்கிளும் ஆளை ஒருத்தரிட்ட இருந்து ஒருத்தர் மாத்தி எடுக்கவேணும். கதைக்க நேரமில்லை, திரும்பிப் பார்க்கவும் நேரமில்லை. பல மாதம் பக்கத்தில பக்கத்தில நிண்டு பழகினால்தான் அது வரும். ஐந்து பேரில நாலு பேர் சரியாச் செய்தால் எண்பது புள்ளி கிடைக்கிற பரீட்சை இல்லை இது. ஒருத்தர் பிழைச்சால் பூச்சியம்.

இந்த ஐந்து பேர் எவ்வளவு முக்கியம் எண்டதுக்கு மூன்று சுப்பர் போல் காணும். 2021 பெப்ரவரியில் கன்சாஸ் சிற்றி சீஃப்ஸ் தன்னுடைய முதன்மை டக்கிள்கள் இருவரும் காயப்பட்ட நிலையில் இறங்கியது. பற்றிக் மஹோம்ஸ் இரவு முழுக்க உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடினார். ஒரு டச்டவுனும் இல்லை, 31-9 எண்டு தோல்வி. அதுக்குப் பிறகு அணி வரிசையைப் புதிசாக் கட்டியது. 2023 பெப்ரவரியில், அந்தப் பருவத்தில் 70 தடவை குவாட்டர்பக்குகளை விழுத்திய பிலடெல்பியா ஈகிள்ஸால் மஹோம்ஸை ஒருக்காக்கூட விழுத்த முடியேல்ல. 38-35 எண்டு சீஃப்ஸ் வெற்றி. 2025 பெப்ரவரியில் திரும்பவும் இடது டக்கிளுக்கு ஆளில்லாமல், கார்ட்டான ஜோ தூனியை அங்க நகர்த்தினார்கள். மஹோம்ஸ் ஆறு தடவை விழுந்தார். 40-22 எண்டு ஈகிள்ஸ் வெற்றி. எறிஞ்ச கை ஒண்டுதான். முன்னுக்கு நிண்டவைதான் மாறினவை.

சரி, தரம் ஏன் விழுந்தது? முதல் சாட்டு, பல்கலைக்கழக அணிகள். அங்க இப்ப ஆடுற முறையில வீரர்கள் அகல விரிஞ்சு நிப்பினம், பந்து கையை விட்டு உடன போயிடும். கையை நிலத்தில ஊண்டிக் குனிஞ்சு நிக்கிறதையே பல லைன்காரர்கள் அங்க பெரிசாப் பழகுறேல்ல. இதெல்லாம் உண்மைதான். ஆனா ஒரு பல்கலைக்கழக அணி தன்னுடைய போட்டியை வெல்லத்தான் ஆடுது, இன்னொருத்தரின் கம்பனிக்கு இலவசமாத் தொழிலாளரைத் தயாரிக்க இல்லை. உலகத்திலயே அதிக வருமானம் உள்ள லீக்குக்குச் சொந்தமா ஒரு வளர்ப்பு லீக் இல்லை. ஐரோப்பாவில நடத்தின ஒண்டையும் 2007 இல் மூடிப்போட்டு, மற்றவன்ர வகுப்பறையைக் குறை சொல்லுறது என்ன நியாயம்?

இரண்டாவது சாட்டுத்தான் ஆபத்தானது. 2011 இல் வீரர்களின் தொழிற்சங்கம் செய்த ஒப்பந்தத்தில், பருவம் நடக்கிற காலத்தில் முழுக் கவசத்தோட மோதுற பயிற்சி 14 ஆகக் குறைக்கப்பட்டது. நாளுக்கு இரண்டு தரம் மோதுற பழைய முகாம்களும் போயின. "அதாலதான் லைன் பழுதாப் போச்சு, திரும்பக் கொண்டுவாங்கோ" எண்டு ஒரு கூட்டம் கேக்குது.

அவைக்கு ஒரு பேர் ஞாபகப்படுத்தவேணும்: மைக் வெப்ஸ்டர். பிற்ஸ்பேர்க் ஸ்டீலர்ஸின் சென்டர், நாலு சுப்பர் போல் வெண்டவர். 2002 இல் 50 வயதில் இறந்தார். கடைசிக் காலத்தில் நினைவு குழம்பி, இருக்க இடமில்லாமல் திரிஞ்சவர். அவருடைய மூளையைச் சோதித்த நைஜீரிய வைத்தியர் பெனட் ஒமாலு, தலையில திரும்பத் திரும்பப் பட்ட அடிகளால வாற சி.ரி.ஈ. நோயை அதில் கண்டுபிடித்தார். வில் ஸ்மித் நடிச்ச 'கன்கஷன்' படம் இந்தக் கதைதான். வெப்ஸ்டர் விளையாடின இடத்தைக் கவனியுங்கோ. ஒவ்வொரு ஆட்டத் தொடக்கத்திலயும், போட்டியிலயும் பயிற்சியிலயும், தலையோட தலை மோதுற இடம் அது. அந்த 14 எண்ட இலக்கம் சோம்பலால வந்ததில்லை. செத்த ஆக்களால வந்தது. வடிவான ஆட்டம் பார்க்கவேணும் எண்டதுக்காக அதைத் திருப்பிக் கேக்க எங்களுக்கு உரிமை இல்லை.

இன்னும் சிலர் கணக்கோட வருவினம். 1980களில குவாட்டர்பக் விழுத்தப்பட்ட விகிதம் இப்ப இருக்கிறதைவிடக் கூட, பிறகென்ன வீழ்ச்சி எண்டு கேப்பினம். விகிதம் சரி. ஆனா இப்ப பந்து முந்தியைவிட வேகமாக் கையை விட்டுப் போகுது. முன்னால நிக்கிற மதில் நிலைக்காது எண்ட பயத்தில எறியிற குறுகிய பந்துகளும் அதில இருக்கு. மதில் விழ முதல் வீட்டை விட்டு ஓடினவர் காயப்படேல்ல எண்டதால மதில் உறுதி எண்டு ஆகாது.

என்னைக் கேட்டால், உண்மையான காரணம் பொறுமையின்மை. இந்த வேலையை ஆரும் எண்ணுறேல்ல எண்டதால வாற பொறுமையின்மை. குவாட்டர்பக்கை விழுத்தினால் விழுத்தினவரின்ர பேரில ஒரு புள்ளி ஏறும். 1982 இல இருந்து லீக் அதை உத்தியோகபூர்வமாக எண்ணுது. விழுத்த விடாமல் மறிச்சவருக்கு அப்பிடி ஒரு கட்டம் இல்லை. வருடத்தின் சிறந்த வீரர் விருதை 1982 இல் ஒரு உதைகாரர், மார்க் மோஸ்லி, வாங்கியிருக்கிறார். ஒரு ஒஃபென்சிவ் லைன்காரர் இண்டைவரைக்கும் வாங்கேல்ல. கலைப்பீடத்துப் பிள்ளையளுக்கு இந்தக் கதை பழக்கம்: கணக்குக் காட்ட முடியாட்டி அது வேலையே இல்லை. கணக்கில வராத வேலைக்கு நேரம் குடுக்க எந்த முகாமையாளரும் விரும்புறேல்ல. இளம் வீரரின் சம்பளம் குறைவு எண்டு எடுக்கிறது, பழுக்க முதல் இறக்கிறது, பிழைச்சால் கலைச்சுப்போட்டு அடுத்தவரை எடுக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து பழக முதலே இரண்டு பேர் மாறியிருப்பினம்.

பொறுமை இருந்தால் என்ன நடக்கும் எண்டதுக்குச் சாட்சி ஜோர்டன் மைலாட்டா. சிட்னியில் பிறந்த சமோவா வம்சப் பெடியன், 6 அடி 8 அங்குலம், ரக்பி லீக் ஆடினவர். அமெரிக்கன் ஃபுட்போல் போட்டி ஒண்டுகூட ஆடாதவரை 2018 இல் ஈகிள்ஸ் கடைசிச் சுற்றில் எடுத்தது. முதல் இரண்டு பருவமும் அவர் ஒரு போட்டியிலும் இறங்கேல்ல. காயமும் இருந்தது. அணி அவரைக் கலைக்கேல்ல. லைன் பயிற்றுவிப்பாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் காலடி வைக்கிறதில இருந்து கற்றுக்குடுத்தார். 2025 பெப்ரவரியில் சம்பியனான அணியின் இடது டக்கிள் அவர்தான்.

அவர் எந்தப் பல்கலைக்கழக அணியிலயும் ஆடினவர் இல்லை. அவர் பழகினதும் 2011க்குப் பிறகு வந்த கட்டுப்பாடுகளுக்குள்ளதான். ஆகவே இரண்டு சாட்டும் அந்த ஒரு ஆளில முடியுது. தலையை மோதாமலே காலடியைப் பழக்கலாம், கையைப் பழக்கலாம், இடம் மாறுற எதிரியை வாசிக்கப் பழக்கலாம். அதுக்கு வேண்டியது காசும் பயிற்றுவிப்பாளரும் இரண்டு மூன்று வருசமும். முதல் இரண்டும் இந்த லீக்கிட்ட தாராளமா இருக்கு. மூன்றாவதைக் குடுக்க அதுக்கு மனமில்லை. அடுத்த முறை ஒரு டக்கிள் சறுக்கி விழுகிற வீடியோவைப் பார்த்துச் சிரிக்க முதல், அந்தப் பெடியனுக்கு எத்தினை மாதம் குடுத்தவை எண்டு கேளுங்கோ.