ஊர் கூடிச் சேர்த்த தரவு யாருக்கு?

அந்தக் கால இசைக் குறுந்தகடுகள் பெரும்பாலானவற்றில் பாட்டு இருக்கும். பாட்டின் பெயர் பதிவாகியிருக்காது. கணினியில் போட்டால் ‘டிராக் 1, டிராக் 2’ என்றுதான் வரும். 1990களில் இந்தக் குறையைத் தீர்க்க வந்தது சிடிடிபி. தகட்டில் எத்தனை பாடல், ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்பதை வைத்து மென்பொருள் ஓர் அடையாள எண்ணைக் கணக்கிடும். அந்த எண்ணுக்குரிய பெயர்கள் இணையப் பட்டியலிலிருந்து வந்துவிடும். பட்டியலில் இல்லையென்றால், தகட்டின் சொந்தக்காரரே உறையைப் பார்த்து ஒவ்வொரு பெயராகத் தட்டி அனுப்புவார். சம்பளம் கிடையாது. அடுத்தவருக்கு அந்த வேலை மிச்சம், அவ்வளவுதான்.

இப்படி ஊர் கூடி இழுத்த தேரை 1998இல் ஒரு நிறுவனம் விலைக்கு வாங்கியது. கிரேஸ்நோட் என்று பெயர் மாறியது. உரிமம் பெறாத மென்பொருள்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. 2008இல் சோனி அதைச் சுமார் 26 கோடி டாலருக்கு வாங்கியது. பெயர்களைத் தட்டியவர்களுக்குக் காசு வராதது கூடப் பெரிதில்லை. தாங்கள் கொடுத்ததையே தாராளமாக எடுக்க முடியாமல் போனதுதான் அநியாயம்.

அதற்கு மாற்றாக வளர்ந்த மியூசிக்பிரெயின்ஸ் தளத்தின் அடிப்படைத் தரவை இன்று யாரும் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். வணிக நிறுவனங்கள் நிதி தருகின்றன. தளம் நொடித்துப் போய்விடவில்லை.

திறந்து வைத்தால் போட்டியாளர் அள்ளிக்கொண்டு போவாரே என்று தள உரிமையாளர்கள் அஞ்சுகிறார்கள். நிரல் எழுதுவோர் கேள்வி பதில் பகிரும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, 2023இல் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களைக் காரணம் காட்டித் தரவு வெளியீட்டை நிறுத்தியது. பயனர்கள் கொதித்தெழுந்த பிறகே மீண்டும் கொடுத்தது. அச்சம் பொய்யில்லைதான். ஆனால் பதில்களை எழுதியது நிறுவனமல்லவே!

அதற்காக எல்லாவற்றையும் கொட்டிவிடவும் கூடாது. 2006இல் ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் ஆறரை லட்சம் பேரின் தேடல் பதிவுகளை, பெயருக்குப் பதில் எண் போட்டு வெளியிட்டது. அந்தத் தேடல்களை வைத்தே பத்திரிகையாளர்கள் ஒரு மூதாட்டியின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உயிரினப் படங்களைச் சேர்க்கும் ஐநேச்சுரலிஸ்ட் இதில் கெட்டிக்காரத் தளம்: தரவு பொதுவில் கிடைக்கும், அழியும் நிலையிலுள்ள உயிரினம் என்றால் வரைபடப் புள்ளியைப் பல கிலோமீட்டர் வரை தள்ளிக் காட்டும். வேட்டைக்காரருக்கு வழி தெரியாது.

ஆகவே, தளம் தொடங்குபவர்கள் எது பொது, எது மறைவு என்பதை முதல் நாளே எழுதிவைக்க வேண்டும். தளம் கைமாறினாலும் அது செல்லுபடியாக வேண்டும். மதிப்புரையோ படமோ ஏற்றப்போகும் வாசகர்களும் அந்த விதியை ஒருமுறை படியுங்கள். விதியே இல்லையென்றால், எழுதிக் கேளுங்கள்.